வாலாட்டிக் குருவியின் வயிறு

என் மச்சினன் எனக்குக் கேமரா கொடுத்தபோதே சந்தேகப்பட்டேன். நன்றாக இருக்கிற பொருளை அவன் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. மூடியைக் கழற்றி, மாட்டி, ஊதிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

அவன் என் பெண்டாட்டியின் தம்பி. முப்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். கடையை மூடியதும் பறவைப் படம் எடுப்பதைப் பிடித்துக்கொண்டான். விடியும் முன்னே எழுந்து, முழங்கை நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். அவனைப் போலப் பதினைந்து பேர் ஒரு குழு, இவன்தான் தலை. காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும்தான் படம் எடுக்கலாமாம். உச்சி வெயிலில் எடுத்தால் குருவிக்கு முதுகு வெளுத்து, வயிறு கரியாகிவிடுமாம்.

எனக்கு வாய்த்ததோ உச்சி வெயில்தான். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டரைக்கு அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவார்கள். துணி உலர்த்துகிற மெஷின் பாதி நாள் ஓடாது. அதனால் மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போடுவோம். சொட்டின தண்ணீர் தரையில் ஓடும் இடத்துக்கு அந்த நேரத்தில் ஒரு வாலாட்டிக் குருவி வரும். கறுப்புத் தலை, வெள்ளை வயிறு. மேஸ்திரி மாதிரி இங்கும் அங்கும் நடந்து தரையை மேற்பார்வை பார்க்கும். ஒரு பூச்சியைக் கொத்தும், வாலை ஆட்டும், போய்விடும். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் வெள்ளைப் போர்வை வரிசைகளுக்கு நடுவே குந்தி, அதைப் படம் எடுத்தேன். வயிறு பஞ்சு மாதிரி வெளுப்பாக வந்திருந்தது. ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் வேறு.

நூலகக் கூடத்தில் குழுவின் படங்களை மாட்டப்போகிறோம், வெளியாளும் கொடுக்கலாம் என்று மச்சினன் சொல்லியிருந்தான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று படத்தைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டான். சொன்னேன்.

"மச்சான், முப்பது வருஷம் வெளிச்சத்தை வித்துப் பொழைச்சவன் நான். பன்னெண்டரை மணிக்கு இந்த வயிறு வராது. கம்ப்யூட்டர்ல யாரு வெள்ளையடிச்சுக் கொடுத்தா?"

பெண்டாட்டி பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. பால்காரன், மருந்துக்கடைக்காரன், பல் டாக்டர் என்று எல்லோரையும் நான் சந்தேகப்படுவேன். என்னை ஒருத்தன் பொய்யன் என்றது அதுதான் முதல் தடவை. இவ்வளவு கசக்கும் என்று தெரியாது.

அவன் போன பிறகு, நீயாவது நம்புகிறாயா என்று அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாதே" என்றாள்.

அது நம்பிக்கையா கேலியா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மச்சினனுக்குப் போன் போட்டேன். மாடிக்கு வா, உன் கேமராவிலேயே எடு. வயிறு கரியாக வந்தால் என் படத்தை நானே கிழித்துப்போடுகிறேன். வெள்ளையாக வந்தால் எல்லோர் படத்துக்கும் நடுவில் அதை மாட்டு என்றேன். ஒத்துக்கொண்டான். மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆள் வருகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தேன். நான் பொய்யன் இல்லை என்று காட்ட ஒரு பொய் தேவைப்பட்டது.

அன்றைக்குத் துணி காயப்போட்டது வேறு ஆள். மாடி ஏறினால் வெள்ளைப் போர்வை ஒன்றுகூட இல்லை. கொடி முழுக்க ஆபரேஷன் அறைத் துணி, பச்சைப் பசேலென்று. துணி எந்த நிறமாக இருந்தால் குருவிக்கு என்ன என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் குந்தின அதே இடத்தில் அவனைக் குந்த வைத்தேன். முட்டி போயிற்று என்று முனகினான். குருவி சொன்ன நேரத்துக்கு வந்தது. சடசடவென்று எடுத்துத் தள்ளினான். பிறகு கேமராத் திரையைக் கையால் மறைத்து நிழல் பண்ணிப் பார்த்தான்.

"மச்சான், இது வாலாட்டி இல்ல."

"வாலை ஆட்டுச்சே."

"வயித்தைப் பாருங்க. பச்சை. இப்படி ஒண்ணு எந்தப் புத்தகத்துலயும் கிடையாது."

எட்டிப் பார்த்தேன். பாசி பிடித்த மாதிரி மங்கிய பச்சைதான். அதற்குள் அவன் அந்தத் திரையைச் செல்போனில் படம் பிடித்து, "புது இனம்" என்று எழுதி, குழுவுக்கு அனுப்ப விரலைத் தூக்கிவிட்டான்.

அப்போதுதான் அவன் சட்டை என் கண்ணில் பட்டது. வெள்ளைச் சட்டை. கொடிக்கு எதிரே இருந்த பக்கமெல்லாம் பச்சை. தாடைக்கு அடியிலும் பச்சை.

சும்மா இருந்தால் போதும், பதினைந்து பேர் நடுவில் இவன் மானம் கப்பலேறும். ஒரு மூச்சு நேரம் அதை நினைத்துப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யன் என்று பேர் வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மாப்ளே, உன் சட்டையும் புது இனமான்னு பாரு."

குனிந்து பார்த்தான். கொடியைப் பார்த்தான். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து, தொப்பி கழன்று விழுகிற மாதிரி சிரித்தான். ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைக் குடை வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுவானாம். முகத்தில் நிழல் விழாதாம். வெயிலை வாங்கி என் குருவியின் வயிற்றுக்கு அனுப்பினது ஆஸ்பத்திரிப் போர்வைகள்தானாம். பச்சைத் துணி பச்சையை அனுப்பியிருக்கிறது.

"நீங்க எடுத்தது நிஜம்தான் மச்சான்."

அதை என்னிடம் சொல்லாதே, உன் அக்காவிடம் வந்து சொல் என்றேன். சாயங்காலமே வந்து சொன்னான்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அவள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

படம் கூடத்தின் நடுவில் மாட்டியாயிற்று. அடியில் 'பகல் பன்னிரண்டரை மணி' என்று எழுதிவைத்திருக்கிறான். இப்போது ஏரிக்குப் போகிற நாள் குறைந்துவிட்டது; தினமும் பத்து மணிக்குப் போன் போட்டு, இன்றைக்கு என்ன நிறத் துணி என்று கேட்கிறான். என் வார்த்தையை அப்படியே நம்புகிறான்.

நான் மட்டும், நூலகத்தில் அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது ஆணியை ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் அடித்திருந்தான்.