கூப்பிடாத இடத்துக்கு வழி இல்லை

எங்கள் காரின் திரையில் இருக்கும் வழியம்மா, பத்திரிகை வைக்காத இடத்துக்கு வழி சொல்ல மாட்டாள்.

எங்கள் ஊரில் கம்பெனியிலிருந்தே காரோடு வருகிற வழியம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான். முறைப்படி அழைத்தால்தான் போவார்கள். மார்க்கெட்டுக்கு என்றால் மஞ்சப் பையைத் திரைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு டோக்கன். வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையை லேமினேட் செய்து டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம். ஒரு தடவை வெயிலில் அது சுருண்டு விழுந்துவிட்டது. அன்றைக்குச் சித்தப்பா வீட்டில் தூங்கினோம்.

போனில் இருப்பவள் வேறு மாதிரி. யார் கேட்டாலும், எந்த வீட்டைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவாள். அம்மா அவளுக்கு ஊர்சுத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"கூப்பிடாத வீட்டுக்கெல்லாம் வழி தெரிஞ்சு வெச்சிருக்கா பாரு. அவ நல்லவளா இருப்பாளாடி?"

நல்லவளோ இல்லையோ, வேலை தெரிந்தவள். வழியம்மாவிடம் ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொல்ல வேண்டும். நடுவில் வண்டி நகர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆற்றுப்பாலம் திறந்து எவ்வளவோ நாளாகிறது. திறப்பு விழாவுக்கு யாரும் அவளை அழைக்கவில்லை என்பதால் அவளைப் பொறுத்தவரை அங்கே பாலம் கிடையாது. நாங்கள் அதில் போகும்போது திரையில் எங்கள் கார் ஆற்றுக்குள் போகும். இறங்கும்வரை அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டு பேர் மீதும் சந்தேகம்தான். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். காலேஜுக்கு ஏன் போகவில்லை என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம். சும்மா இருப்பவளுக்குச் சந்தேகப்பட நேரம் இருக்கும்.

தட்சிணா மாமாவின் கல்யாணத்தன்று விஷயம் முற்றியது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மாமா முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சுகளையும் நாத்தனார் போட வேண்டும். அந்த நாத்தனார் அம்மா. மாமா நாலாம் வகுப்பு படிக்கும்போதே அம்மா இதை எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டாளாம். முடிச்சு அவிழக்கூடாது என்று பட்டு நூலை ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டிப் பழகினாள். எங்கள் வீட்டு ஜன்னல்களில் ஒன்றையும் இப்போது திறக்க முடியாது.

மண்டபத்துக்குப் போய்விட்டால் மட்டும் போதாது. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்த பிறகு, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்பார்கள். கார் வழியம்மா சொல்லி வந்தவர்கள் அழைக்கப்பட்டவர்கள். போன் சொல்லி வந்தவர்கள் வெறுமனே வந்தவர்கள். அவர்கள் இடது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பந்திக்குக் காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கும் இதேதான். போன மாசம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவே போன் சொல்லி வந்துவிட்டார். அவருடைய அண்ணனைக் கூப்பிட்டுத் தாரை வார்த்துக்கொண்டு, இவருக்கு பெஞ்சிலேயே ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தார்கள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தால் முடிச்சைப் போட சுகுணா சித்தி இருந்தாள். அம்மாவின் பெரியப்பா மகள். முந்தின நாளே மண்டபத்துக்குப் போய், கை விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அப்பா சொன்னார். அப்பா சமையல்காரர்களோடு டெம்போவில் போயிருந்தார். அம்மாவுக்குக் கூட்டுறவு வங்கியில் ஆடிட். கல்யாணத்தன்றைக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது.

காலையில் அம்மாவும் நானும் கிளம்பினோம். அம்மா கல்யாணப் பத்திரிகையைத் திரைக்கு முன்னால் நீட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"லலிதாம்பிகை மஹாலுக்குங்க" என்றாள். வழியம்மாவிடம் அம்மா எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள்.

வழியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "நேராகச் செல்லவும்" என்றாள்.

நேராகப் போனோம். வலது, இடது, மறுபடியும் வலது. ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அதைத் தாண்டிப் போனோம். இடது, வலது. அதே பெட்ரோல் பங்க் எதிரில் வந்தது. பெட்ரோல் போடும் அண்ணன் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார். மூன்றாவது சுற்றில் அவர் கை ஆட்டவில்லை, பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் பார்த்தார். இவளுக்கும் அவருக்கும் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"அம்மா, இவ வேணும்னே சுத்த விடறா."

"சத்தமா பேசாதடி. காதுல விழும்."

என் மடியில் சீர்த்தட்டு இருந்தது. அதில் வாழைப்பழச் சீப்புக்கு அடியில் நான் போனை ஒளித்துவைத்திருந்தேன். கார் ஓடும்போது போன் பேசினால் வழியம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் ஒலியை நன்றாகக் குறைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாழைப்பழம், "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்புங்கள்" என்றது.

"பின்னால் யாரோ பேசுகிறார்கள்" என்றாள் வழியம்மா.

"பின்னாடி யாரும் இல்லைங்க" என்று அம்மா சொன்னாள். அது உண்மைதான். நான் முன்சீட்டில் இருந்தேன்.

அம்மா என்னை முறைத்தாள். கையை நீட்டி வாழைப்பழத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டாள். ஊர்சுத்தி சொன்ன இடது பக்கம் எங்களைக் கடந்து போனது. தூரத்தில், அந்தத் தெருவின் கடைசியில், நாதஸ்வரச் சத்தம்கூடக் கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியம்மா சொன்னபடி நேராக ஓட்டினாள். பெட்ரோல் பங்க் வந்தது.

இந்தத் தடவை அம்மா வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னங்க கோபம் உங்களுக்கு? பத்திரிகை வெச்சாச்சுல்ல?"

"எனக்கு வைக்கவில்லை" என்றாள் வழியம்மா.

"என் தம்பி நேர்ல வந்தானே."

"வந்தார். வீடு பூட்டியிருந்தது. கார் வாசலில் நின்றது. நான் உள்ளே இருக்கிறேன். ஒரு வார்த்தை, வாங்க என்று சொல்லவில்லை. வெளியே வைப்பரில் செருகிவிட்டுப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். மாமா இப்படித்தான். அவசரக்குடுக்கை. கேட்டில் செருகலாம், கதவுக்கு அடியில் தள்ளலாம். கொண்டுபோய் வைப்பரில் செருகினால் அது வைப்பருக்கு வைத்ததாகத்தான் ஆகும். எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும்.

"அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு எங்களைச் சுத்த விட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"நீங்களாகக் கேட்பீர்கள் என்று பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் திரையில் திருநீறு பூசியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகூர்த்தம் முடிவதற்குள் போயாக வேண்டும், சண்டை பிறகு என்று அந்தப் பிடிக்கு அர்த்தம்.

"வைப்பரைக் கேப்போம்" என்றேன்.

அம்மா ஸ்விட்சைப் போட்டாள். ஓட்டுநர் பக்கத்து வைப்பர் மெதுவாக எழுந்தது. என் பக்கத்து வைப்பர் அசையவில்லை. அதற்கு அழைப்பு இல்லை. எழுந்த வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டு இடது பக்கம் சாய்ந்து நின்றது. அம்மா இடது பக்கம் திருப்பினாள். நேராகப் போக வேண்டிய இடத்தில் அது நடுவில் நின்றது. வேகத்தடைக்கு முன்னால் லேசாகத் தட்டியது. ஊர்சுத்திக்குக்கூட வேகத்தடை தெரியாது. புதுப் பாலத்தில் ஏறினோம். வழியம்மாவின் திரையில் கார் ஆற்றுக்குள் போனது. வைப்பர் பாலத்தைப் பாலமாகவே பாவித்தது.

மண்டப வாசலில் பெண் வீட்டுப் பெரியவர் பலராமன் உட்கார்ந்திருந்தார். பன்னீர் தெளித்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் சொல்லி வந்தீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் துண்டுக்கு அடியிலிருந்து வாழைப்பழம், "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது.

பலராமன் துண்டை விலக்கினார். ஒரு பழத்தைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அடுத்த பழத்தை வைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"பெஞ்சு அந்தப் பக்கம்மா."

"இல்லைங்க, சத்தியமா இவ சொல்லி வரலை. வைப்பர் சொல்லி வந்தோம்" என்றாள் அம்மா. உள்ளே கெட்டிமேளத்துக்கு முன்னால் வாசிக்கிற வாசிப்பு ஆரம்பித்துவிட்டது.

பலராமன் எழுந்து காருக்குப் போனார். கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். வைப்பரின் ரப்பரில் மஞ்சள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை கையால வெச்சதா?"

"அவன் கையாலதான்."

"சரி. அவங்களை இறக்கிக் கூட்டிட்டு வாங்க. நீங்க கூட வந்தவங்க, உள்ள வரலாம். அந்தப் போன் மட்டும் பெஞ்சுல இருக்கட்டும்."

அம்மா வைப்பரைக் கழற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனாள். சுகுணா சித்தி எண்ணெய் விரல்களோடு மாமாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வைப்பரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"வசுமதி, இதுக்கு என்ன குடுத்து கூட்டிட்டு வந்தே?"

"நான் ஒண்ணும் குடுக்கலை. பத்திரிகை வெச்சிருக்கான்."

"எனக்கும்தான் வெச்சான். போஸ்ட்ல."

"அதான் சொல்றேன். உனக்குப் போஸ்ட்ல, இதுக்கு நேர்ல."

சித்தி நகர்ந்துகொண்டாள். அந்த இடத்தில் அம்மா வைப்பரை நிறுத்தினாள். மாமா முதல் முடிச்சைப் போட்டார். அதன் பிறகு அம்மாவின் கை தானாக முன்னால் போனது. நான் பார்த்தேன். பாதியில் நின்றது. அம்மா வைப்பரைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள், பிறகு குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் வந்தாள். இரண்டாம் முடிச்சையும் மூன்றாம் முடிச்சையும் வைப்பர் போட்டது. ரப்பர் என்பதால் வழுக்கவில்லை.

அம்மா கிட்டே போய் முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விளக்கின் எண்ணெய் அவள் புடவையில் சிந்தியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

நாங்கள் முதல் பந்தியில் சாப்பிட்டோம். போன் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது. வத்தக்குழம்பு தீர்ந்துவிட்டதாம். அதற்கு ரசம் மட்டும் போட்டார்கள்.

கிளம்பும்போது நாத்தனாருக்கு எடுத்த பட்டுப் புடவையைப் பெண் வீட்டார் வைப்பருக்குச் சுற்றி விட்டார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அம்மாவும் கூடப் போய்க் கடையில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புடவை. காருக்கு வந்ததும் அம்மா வைப்பரைப் பழைய இடத்தில் மாட்டி, முந்தானை கண்ணாடியில் சிக்காமல் கொசுவத்தைச் சரிசெய்தாள்.

பாதி வழியில் மழை பிடித்தது.

அம்மா ஸ்விட்சைத் தொடவில்லை. பட்டுப் புடவை கட்டியிருப்பவரை இந்த வேலை செய் என்று சொல்ல முடியாது.

"என்ன நிறம்?" என்று வழியம்மா கேட்டாள்.

"மாம்பழம்ங்க. அரக்குக் கரை."

"நன்றாக இருக்கும்" என்றாள். பிறகு, "நனைய விடாதீர்கள்" என்றாள்.

அம்மா வண்டியை ஓரம் கட்டிக் குடையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் இறங்கி பானட்டில் ஏறி உட்கார்ந்து வைப்பருக்குக் குடை பிடித்தேன். நான் மறைத்துக்கொண்டிருந்ததால் அம்மாவுக்கு ரோடு தெரியவில்லை. பரவாயில்லை. கிரகப்பிரவேசப் பத்திரிகை ஒட்டியபடிதான் இருந்தது. வீடு வரைக்கும் வழியம்மா சொல்லச் சொல்ல அம்மா ஓட்டினாள்.