அடுப்புக்கும் விடுமுறை

கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் குனிந்தான், நிமிர முடியவில்லை. இருபது வருடம் இரும்புக் கொக்கியால் மூட்டை இழுத்ததில் அவனுக்கு மிஞ்சியது கொக்கி என்ற பட்டப்பெயரும், எட்டு மாதமாக நடக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையும்தான். இன்னொரு வருடம் மூட்டை தூக்கினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

மனைவி சமைத்தாள், அவன் பரிமாறினான். கடையில் பதினொரு மேசை. பஸ் டிப்போவுக்கு எதிரே என்பதால் வேலை நாட்களில் டிரைவர்களும் வெல்டர்களும் வந்து வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போவார்கள். சனி ஞாயிறு என்றால் ஈ ஓட்டவேண்டியதுதான். குடும்பம் என்று ஒன்று இதுவரை அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை.

மனைவியின் அண்ணன் அதே கிடங்கில் மேஸ்திரி. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பேச்சில் தேன் தடவத் தெரியாது. வருடத்தின் பெரிய விடுமுறை இந்தத் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரே குடும்பம் குடும்பமாகக் கூடிச் சாப்பிடும் நாள். மேஸ்திரி பத்து நாள் முன்னால் வந்து நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கும் மேசை நிறையலேன்னா இது தேறாது மாப்ளே. மறுநா திங்கக்கிழமை வரைக்கும் உன் இடத்தை யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன். பேசாம வந்துடு."

 கொக்கியின் முதுகு அந்தப் பேச்சை அவனுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டது போல, இடுப்புக்கு மேலே சுரீர் என்றது.

விளம்பரம் செய்யவேண்டும் என்று கிளம்பியவள் மச்சினி, மனைவியின் தங்கை. அச்சுக்கடையில் வேலை. மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தாள். பெரிய எழுத்தில், 'பெரிய விடுமுறையன்று அடுப்புக்கும் விடுமுறை!' கீழே சின்ன எழுத்தில், 'குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள். மேசைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.' வீட்டில் சமைத்துச் சாகவேண்டாம், எங்களிடம் வாருங்கள் என்று அர்த்தம். மூன்று பேரும் படித்துப் படித்துச் சிரித்தார்கள். இப்படி ஒரு வரி யாருக்கு வரும் என்று மனைவிக்குத் தங்கையை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை.

கொக்கி பேனரைத் தன் பழைய கொக்கியிலேயே கோத்து வாசலில் தொங்கவிட்டான். எண்ணூறு நோட்டீசையும் தானே மடித்தான். பெரிய எழுத்து வெளியே தெரியும்படி நறுவிசாக இரண்டாக மடித்து, சுற்றியிருந்த அடுக்குமாடி வீடுகளின் கதவிடுக்கில் எல்லாம் செருகிவிட்டு வந்தான்.

திங்கள் போனது. புதன் போனது. ஒருவர்கூட மேசை கேட்கவில்லை. போன் கெட்டுப்போயிருக்குமோ என்று மச்சினியை விட்டு அடிக்கச் சொன்னான். நன்றாகவே அடித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கமாக வரும் பஸ் டிரைவர் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே குறைப்பட்டார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டிங்க. நீங்களும் மூடிட்டா நான் சோத்துக்கு எங்க போறது?"

"யார் மூடுறாங்க?"

"நீங்கதானே எழுதித் தொங்க விட்டிருக்கீங்க? அடுப்புக்கும் லீவுன்னு."

கொக்கி வெளியே ஓடிப்போய்ப் பார்த்தான். பேனரின் கீழ்ப்பாதியை அவனே அடுக்கிய தண்ணீர் கேன்கள் மறைத்திருந்தன. மேலே கடையின் பெயர், அதற்குக் கீழே அடுப்புக்கும் விடுமுறை. தெருவில் போகிற எவனும் வேறு எப்படிப் படிப்பான்? நோட்டீசும் அப்படித்தான். பிரித்துப் பார்த்தால்தானே உள்ளே இருக்கிற சின்ன எழுத்து. ஆறு நாளாக ஊர் முழுக்க நடந்து, கடை கிடையாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மச்சினிக்கு ஆள் போனது. அவள் வந்து பேனரைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். வீட்டு அடுப்பைத்தானே சொன்னேன் என்றாள்.

"நம்ம வாசல்ல தொங்கினா அது நம்ம அடுப்புதான்டி," என்றாள் அக்காள். திட்டுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

வேறு பேனர் அடிக்க நேரமில்லை. மச்சினி தண்ணீர் கேன்களை நகர்த்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்புப் பெயிண்டால் 'அடுப்பு'க்கு முன்னால் 'உங்க வீட்டு' என்று இடுக்கி எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக, கூட்டத்தில் புகுந்து இடம் பிடித்தவன் மாதிரி நின்றது.

சனிக்கிழமை கொக்கி மறுபடி படியேறினான். இந்தத் தடவை கையில் காகிதம் இல்லை. கதவைத் தட்டி, அடுப்புக்கு லீவு என்று சொன்னது உங்கள் அடுப்புக்கு, எங்களுடையது எரியும் என்று சொல்வதற்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று மாடி ஏறியதில் முதுகு விண்விண் என்று தெறித்தது. முதல் எட்டு வீட்டில் சரி சரி என்று கதவைச் சாத்தினார்கள். ஒன்பதாவது வீட்டில் ஒரு பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கடை திறந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் படுத்துவிட்டதே என்று வீட்டில் பாவப்பட்டுப் பேசிக்கொண்டார்களாம். உள்ளே திரும்பி மாமியாரிடம் விஷயத்தைச் சொல்ல, அங்கே இன்னொரு சிரிப்பு.

"ஒன்பது பேர் வருவோம். அத்தை காரம் தொட மாட்டாங்க, பாத்துக்கோங்க," என்றாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு முன்னால் படியேறிப் போனது. சாயந்திரத்துக்குள் ஆறு மேசை. மேஸ்திரி கேட்டது பதினொன்று.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஆறு குடும்பமும் வந்து உட்கார்ந்தன. பிறகு கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு குடும்பம் நுழைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்றரைக்குக் குழந்தைக்குக் கூட நாற்காலி இல்லை. மனைவி சோற்றை வடித்து முடிப்பதற்குள் அடுத்த உலை கொதித்தது.

மேஸ்திரி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தார். உட்கார இடமில்லை. கால் மணி நேரம் பொறுத்தார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, கொக்கி தூக்கப்போன சோற்றுப் பானையைப் பிடுங்கிக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சுடா நான் பாரம் தூக்கி," என்று முனகினார். பானையை இறக்கி வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "திங்கக்கிழமைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன் மாப்ளே."

கொக்கி பின்கட்டுக்குப் போனான். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தான். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ, மூட்டை சரிவது போலத் தானாகச் சரிந்து இறங்கியது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. தட்டு எடுக்க வந்த மனைவி அவனைப் பார்த்து நின்றாள்.

"வெங்காயம்," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வெங்காயம் காலையிலேயே உரிச்சாச்சு," என்று சொல்லிவிட்டு அவள் தட்டோடு போனாள்.

மறுநாள் இருவருக்கும் உடம்பு அசையவில்லை. கொக்கி ஒரு அட்டையில் 'இன்று விடுமுறை' என்று எழுதி, அதே இரும்புக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஷட்டரை இறக்கிக் கடைக்குள்ளேயே படுத்தான். மத்தியானம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பாதி தூக்கிக் குனிந்து பார்த்தான். டிரைவர் அட்டையைச் சுட்டிக்காட்டியபடி நின்றிருந்தார்.

"இது யார் வீட்டு அடுப்புக்குங்க?"

"எங்களுதுதான், நிஜமாவே," என்றான் கொக்கி. "நாளைக்கு வாங்க."