அம்மாவுக்காகக் கட்டிய சந்தா

அக்கறை, பாசம் என்றெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை. பொறாமைதான். என் அக்கா நசீம் பானுவை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

அம்மா அவளோடு நிலக்கோட்டையில் இருக்கிறாள். எங்களைப் பெற்ற அத்தா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, "கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்று அங்கே போனவள்தான். மூன்று வருஷமாகிவிட்டது. திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே பையைக் கட்டிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "நாடகம் விட்டுப் போகுது ஃபாயிஸா" என்பாள். ஏதோ துருக்கி நாடகம். எந்நேரமும் குதிரையும் வாளும் சதியும். பெற்ற மகளைவிட அந்த சுல்தான் பெரிதாகிவிட்டான்.

போன மாதம் நிலக்கோட்டைக்குப் போயிருந்தபோது அதை நேரிலேயே பார்த்தேன். டிவியில் துருக்கிக்காரர்கள் அவர்கள் பாஷையில் பேச, கீழே தமிழில் எழுத்து ஓடியது. அம்மா குர்ஆனை மடமடவென்று ஓதுவாள். தமிழைத்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவள் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் அங்கே நாலு தலை உருண்டிருக்கும். அதனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினாள். அம்மா அவள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் "வாம்மா" என்றாள். எனக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூட நினைவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். வருகிற நோன்பு முப்பதும் அம்மா என் வீட்டில்தான். நாடகம்தானே அவளைப் பிடித்து வைத்திருக்கிறது? அந்த நாடகத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் போயிற்று.

வீட்டுக்காரர் இஷாக்கிடம் சொன்னேன். அவர் தோல் வியாபாரி. எதையும் தடவிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"உங்க அக்காகிட்ட பாஸ்வேர்டு கேளேன். எதுக்குத் தனியா?"

"அவ தயவுல எங்கம்மா எங்க வீட்ல நாடகம் பாக்கணுமா? அம்புட்டு கேவலமா போயிட்டேனா நான்?"

"சரி தாயி. எடுக்குறத நல்லா பாத்து எடு."

நாடகம் ஓடும் ஆப்களை நாலு நாள் பார்த்தேன். முதல் ஆப்பில் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் உருப்படியாக இல்லை. இரண்டாவதில் நாடகம் இருந்தது, ஆனால் இந்தியில். மூன்றாவது மலிவு. பணம் கட்டப் போகும்போதுதான் அது போனில் மட்டும் ஓடும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன். அம்மா அந்தச் சின்னத் திரைக்குள் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளவா? நாலாவது, அக்கா வைத்திருக்கும் அதே ஆப். அவளிடம் இருப்பதையே நானும் எடுத்தால் அவளுக்கு நான் எதில் ஒசத்தி? அதைத் தள்ளிவிட்டேன்.

ஐந்தாவதன் கஸ்டமர் கேரில் ஒரு பெண் சொன்னாள். "தமிழ் டப்பிங் இருக்கு மேடம். எல்லா பாகமும் தமிழ்லயே பேசும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா வீட்டில் எழுத்துதான். என் வீட்டில் சுல்தானே தமிழ் பேசுவான். அம்மாவுக்கு யாரும் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. நசீம் பானுவுக்கு இனி என்ன வேலை? வருஷச் சந்தாவாகவே எடுத்தேன். முதலில் ஒரு மாசத்துக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னார் இஷாக். "எங்கம்மா மாசக் கணக்குக்கா வரப் போறா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா வந்தாள். டிவியைப் போட்டதும், "அட, தமிழ் பேசுறானே!" என்று வாயில் கை வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இங்க தமிழ்லயே பேசுதுக்கா. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுற வேலையே இல்ல."

"அப்படியா? நல்லதுதான்" என்றாள் அக்கா. கொஞ்சமாவது குரல் இறங்கியிருக்க வேண்டாமா அவளுக்கு?

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது, நாற்காலியில் ஆளில்லை. உள்ளே அம்மா பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? நாடகம் ஓடுதுல்ல?"

"ஓடுது. நாளைக்கு ஊருக்குப் போறேன். நசீம்கிட்டயும் சொல்லிட்டேன்."

"உனக்கு என்னதான் குறை வச்சேன்? அங்க எழுத்து மட்டும்தான. இங்க எல்லாம் தமிழ்லயே பேசுது."

"அதத்தான் சொல்றேன். அங்க நசீம் வாசிப்பா. நடுவுல நிறுத்திட்டு, இந்த மந்திரி சரியில்லம்மான்னு சொல்லுவா. நான் அவனத் திட்டுவேன், அவளும் திட்டுவா. இங்க எல்லாத்தையும் டிவியே சொல்லிருது. அதப் போட்டுவிட்டுட்டு நீ அடுப்படிக்குப் போயிர்ற. நான் ஒத்தையில உக்காந்து யாரத் திட்டுறது?"

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நாலு நாள் மெனக்கெட்டு, அம்மா பக்கத்தில் நான் உட்காரவே தேவையில்லாத ஒன்றாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். அதுவும் ஒரு வருஷத்துக்கு.

அடுப்பை அணைத்தேன்.

"சோத்துக்கு வெஞ்சனம் அரைகுறையா கெடக்குமேடி?"

"கெடக்கட்டும். நீ வந்து உக்காரு."

ரிமோட்டில் தேடித் தமிழ்ப் பேச்சை எடுத்துவிட்டு, துருக்கியும் தமிழ் எழுத்துமாக வைத்தேன். அம்மாவை ஒட்டி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

"ராணி பேசுனா ராணி மாதிரி வாசி. நசீம் ஒவ்வொரு ஆளுக்கும் குரல மாத்துவா."

சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டு, மூக்கைத் தூக்கி ராணியாக வாசித்தேன். மந்திரிக்குக் கரகரவென்று ஒரு குரல் கொடுத்தேன். அது சரியில்லை, இவர் வேற மந்திரி, நல்லவர் என்று அம்மா என்னிடம் மல்லுக்கு நின்றாள். நல்லவன் எதுக்கு ஒளிஞ்சு நின்னு ஒட்டுக் கேக்கணும் என்று நானும் விடவில்லை. கடைசியில் அம்மாவும் சேர்ந்து மந்திரியைத் திட்டி ஓய்ந்தபோது மணி என்ன ஆனதென்றே தெரியவில்லை.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அக்கா. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"நாளைக்கு எந்த பஸ்ஸுக்கு வாரம்மா?"

"செத்த பொறு நசீம். ஃபாயிஸா வாசிச்சிக்கிட்டு இருக்கா."

அங்கே அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"தமிழ்லயே பேசுதுன்னாளே?"

"அத நிறுத்திட்டா."

பிறகு அக்கா கேட்டாள். "எப்படி வாசிக்கிறா?" அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாக நான் பேசிக்கொண்டிருந்த குரல்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் அளவுக்கு வரல. நோன்பு முடியிறதுக்குள்ள தேறிருவா."

அக்கா போனை வைக்கவில்லை. நான் அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன்.