சுவர் சொன்ன சூடு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கையிலிருக்கிற போனைச் சற்றுக் கவிழ்த்து வையுங்கள். அது எங்கேயும் ஓடிப்போய்விடாது. போனுக்குள்ளே வாள் வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர், போனை விட்டு வெளியே வந்து ஒரு திரைச்சீலைக்கு ஆளுக்கொரு முனை பிடித்த கதை என்னிடம் இருக்கிறது. கேட்டு முடித்ததும் போனை நிமிர்த்திக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஓர் ஊரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சலவைக்கடை. அதை நடத்துகிறவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையின் கை மடிப்பில் காய் நறுக்கலாம் என்று பேச்சு. ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் சேரும்போது பெயர் கேட்டது; ‘மடிப்பு’ என்றே போட்டுக்கொண்டாள்.

அந்தக் குழுவில் அவளுக்கு ஒரே ஒரு எதிராளி. பெயர் ‘சல்லடை’. எந்தச் செய்தியையும் சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டாராம், அதனால் அந்தப் பெயர். ஆள் யாரென்று ஊருக்கே தெரியும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மடிப்பக்காவின் சொந்தச் சம்பந்தி. அவருடைய மகள்தான் இவளுடைய மருமகள். நேரில் கண்டால், “வாங்க சம்பந்தி, உடம்பு எப்படியிருக்கு சம்பந்தி” என்று வெண்ணெயாய் உருகுவார்கள். போனைக் கையில் எடுத்தால் போதும், இருவருக்கும் கொம்பு முளைத்துவிடும்.

அவள் பார்ப்பது மஞ்சள் சேனல். அவர் பார்ப்பது நீலச் சேனல்.

“உங்க மஞ்சள் சேனல்ல தும்மல் வந்தாக்கூட அரசாங்கம்தான் காரணம்னு சொல்லுவான்” என்று அவர் எழுதுவார்.

“உங்க நீலச் சேனல்ல வெள்ளம் வந்தா, வீட்டுக்கு வீடு நீச்சல்குளம்னு சொல்லுவான்” என்று இவள் எழுதுவாள்.

ஊர் கைகொட்டிச் சிரிக்கும். வேலை வெட்டி இல்லாதவர்கள் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று பிரிந்து எண்ணெய் ஊற்றுவார்கள்.

அந்த வருஷம் சண்டை பேருந்து நிறுத்தத்தின் தலையில் வந்து விழுந்தது. சாலையை அகலப்படுத்துகிறேன் என்று வந்தவர்கள் நிறுத்தத்தின் கூரையைப் பிரித்துக்கொண்டு போனார்கள், திரும்ப வரவில்லை. மிஞ்சியது ஓர் இரும்பு பெஞ்சும் ஒரு விளக்குக் கம்பமும். வெயில் ஏறினால் அந்தப் பெஞ்சில் உட்காருவதும் ஒன்று, தோசைக்கல்லில் உட்காருவதும் ஒன்று. மடிப்பக்காவின் மருமகள் பல் மருத்துவமனையில் வேலை முடித்து, தினமும் பிற்பகலில் அங்கேதான் பேருந்துக்கு நிற்பாள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். “கடைக்குள்ள வந்து உக்காரும்மா” என்றால், “பஸ் போயிடும் அத்தை. அவன் நிக்கிறதே கண்ணு சிமிட்டுற நேரம்” என்பாள்.

கூரை வேண்டும் என்று நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதினாள் மடிப்பக்கா. தெருவிலிருந்த பாட்டு டீச்சர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். குழுவிலும் போட்டார்கள். சல்லடை விடுவாரா?

“வெயில் காலத்துல வெயில் அடிக்காம பனியா பெய்யும்? உலகமே பத்திக்கிட்டு எரியுதுன்னு உங்க சேனல் கத்துது, நீங்க குடை பிடிக்கிறீங்க. ஆதாரம் எங்கே?”

ஆதாரம் எங்கே என்ற அந்தக் கேள்வி மடிப்பக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கடையின் பக்கத்துச் சந்தில், வெளிச்சுவரில், ஒரு தெர்மாமீட்டர் வெகுகாலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேரே போனாள். நாற்பத்தொன்பது காட்டியது. படம் பிடித்தாள். ‘இதோ ஆதாரம். சலிச்சுக்கோங்க’ என்று எழுதிப் போட்டுவிட்டு, போனை மேஜையில் வைத்த சத்தத்தில் பொத்தான் டப்பா குதித்தது.

படம் காட்டுத்தீயாகப் பரவியது. மஞ்சள் சேனலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மேடம், வெயில்ல யாராவது மயங்கி விழுந்தாங்களா?”

“இல்லையேம்மா.”

“விழுற மாதிரி இருந்தாங்களா?”

அன்று மாலையே ‘கொதிக்கும் ஊர், மயங்கும் மக்கள்’ என்று படம் டிவியில் வந்துவிட்டது. நீலச் சேனல்காரன் கூப்பிடக்கூட இல்லை. ‘படம் போலி, எல்லாம் கிராஃபிக்ஸ்’ என்று நேரே தீர்ப்பே சொல்லிவிட்டான். சல்லடையார் அதை எடுத்துக் குழுவில் ஒட்டினார். மடிப்பக்காவுக்குக் கோபம் வந்தாலும் உள்ளூர ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வது அவர்கள்தானே? படத்தை எடுத்த கை இதோ இருக்கிறதே.

மனுவை எடுத்துக்கொள்ளும் மன்றக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள். காலை மேகமூட்டமாக இருந்தது. சோப்பு நீரைக் கொட்டச் சந்துக்குப் போன மடிப்பக்கா, இடுப்பு வலிக்கிறதென்று சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் துள்ளி நிமிர்ந்தாள். சுவர் சுட்டது.

வெயிலே இல்லை, சுவர் எப்படிச் சுடும்? கையை வைத்து வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் வெதுவெதுப்பு, ஓர் இடத்தில் குளிர்ச்சி, தெர்மாமீட்டர் தொங்கிய இடத்தில் நல்ல சூடு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போன மாதம் நீராவி இஸ்திரி இயந்திரத்தை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டிருந்தாள். ஆவிக் குழாய் இப்போது இந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. இயந்திரம் இடம் மாறியது; தெர்மாமீட்டர் மாறவில்லை. அது காட்டியது வெயிலின் சூட்டை அல்ல, அவளுடைய தொழிலின் சூட்டை.

வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் துணிமூட்டை கட்டிக்கொண்டே கேட்டார்.

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல?”

“உனக்குத் தெரிஞ்சா போதும், விடு. ஊர்ல எவன் வந்து நம்ம சுவத்தக் கட்டிப் பிடிக்கப் போறான்?”

பாட்டு டீச்சருக்குப் போன் செய்தாள். “அக்கா, கால்ல விழறேன். கூட்டம் முடியட்டும். கூரை வந்த பிறகு சாவகாசமா சொல்லிக்கலாம். இப்ப சொன்னீங்கன்னா அந்தப் படத்தோட நம்ம கூரையும் போச்சு. வெயில் அதிகமாயிடுச்சுங்கிறது உண்மைதானே? உண்மைக்காக ஒரு சின்ன…”

“சின்ன என்ன டீச்சர்?”

டீச்சர் போனை வைத்துவிட்டார்.

மடிப்பக்கா கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாடிக்கையாளர் கோட்டு கொண்டுவந்தார். அவள் கை பழக்கத்தில் கோட்டை மேஜையில் விரித்தது. “இங்க ஒரு கறை இருக்கு, பார்த்துக்கோங்க. கீழ ஒரு பொத்தான் இல்ல. உள்துணி இங்க கிழிஞ்சிருக்கு” என்று வாய் தானாகச் சொன்னது. இது அவள் கடையின் முதல் சட்டம். துணியை வாங்கும்போதே, கொடுத்தவர் கண்முன்னால் விரித்து, கறையைக் காட்டிவிட வேண்டும். காட்டாமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டால், பிறகு அது கடையின் கறை. எந்தச் சோப்புக்கும் போகாது.

கோட்டுக்காரர் போனதும் போனை எடுத்தாள். அவசரமில்லாமல் எழுதினாள்.

‘நான் போட்ட படம் நிஜம். கிராஃபிக்ஸ் இல்லை. ஆனால் அது வெயிலின் அளவு இல்லை. சுவருக்குப் பின்னால் என் ஆவிக் குழாய் போகிறது. எனக்கே இன்றுதான் தெரிந்தது. என்மேல்தான் தப்பு. உலகம் சூடாகிறதைச் சொல்ல என் சுவர் தேவையில்லை. அதைக் காலங்காலமாக முறையாக அளக்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் நம்புகிறேன். என் சுவரை யாரும் நம்பவேண்டாம். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும். அதில் மாற்றமில்லை.’

அப்பப்பா! குழு பற்றிக்கொண்டது. இவள் பக்கத்துக்காரர்களே, ‘எவ்வளவுக்கு விலை போனாய்?’ என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் குதி குதியென்று குதித்தது. நீலச் சேனல் ‘வெப்பப் பொய் அம்பலம்’ என்றது. சற்று முன்வரை கிராஃபிக்ஸ் என்று சொன்னதை மறந்தே போனது. மஞ்சள் சேனல் பூனை மாதிரி படத்தை நீக்கிவிட்டு, வேறு செய்திக்குப் போய்விட்டது.

சல்லடை மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த மௌனம்தான் மடிப்பக்காவைக் குடைந்தது. மனுஷன் பெரிதாக ஏதோ சமைக்கிறார் என்று நினைத்தாள். ஆனாலும் அவள் இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஒரு மடிப்புக்கூடக் கோணவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி வருவது வரட்டும்.

பிற்பகலில் அவரே வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் அவர் கடைத் திரைச்சீலை.

“வாங்க சம்பந்தி.”

“இதை வெளுக்கணும் சம்பந்தி.”

“போன வாரம்தானே வெளுத்துக் கொடுத்தேன்?”

அவர் பையைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “சரி, மாட்டிக்கிட்டேன். அந்தச் சுவத்தைக் காட்டுங்க.”

சந்துக்குக் கூட்டிப்போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சட்டென்று எடுத்தார்.

“நீங்க ஏன் சொன்னீங்க? நானா கண்டுபிடிச்சிருந்தா ஒரு மாசத்துக்கு உங்களை ஓட்டியிருப்பேன். என் வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

“நீங்க கிராஃபிக்ஸ்னு ஒட்டினீங்களே, அதுக்கு யார் வாயில மண்ணு?”

“அதுக்குத்தான் வந்தேன்னு வச்சுக்கோங்களேன்.” அவர் தொண்டையைக் கனைத்தார். “ஆனா கூரை விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நிஜமாவே எவ்வளவு சூடுன்னு அளப்போம், வாங்க. முறையா அளக்கணும். நிழல்ல வச்சுத்தான் அளக்கணும். நேர் வெயில்ல வச்சா அது கணக்குல வராது. நான் சொல்லல, உங்க அளக்கிறவங்களே சொல்றது.”

“சரியான பேச்சு. நிழல்லயே வைங்க” என்றாள் மடிப்பக்கா. தெர்மாமீட்டரைச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

இருவரும் சாலையைக் கடந்தார்கள். காலை மேகம் கலைந்துபோய், வெயில் முகத்தில் அறைந்தது. சல்லடையார் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவர் கடை குளுகுளுவென்று வேறு தெருவில் இருந்தது. நிழல் தேடிப் பெஞ்சுக்கடியில் எட்டிப் பார்த்தார். இரும்புச் சட்டங்களின் இடுக்கு வழியே கோடு கோடாக வெயில். திரும்பினார். பிறகுதான் அந்த வரிசையைக் கவனித்தார்.

விளக்குக் கம்பத்தின் நிழல் தரையில் ஒல்லியாக விழுந்திருந்தது. அந்த ஒற்றைக் கோட்டில், ஒருவர் பின் ஒருவராக, தோளைக் குறுக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நிழல் நகர நகர, வரிசையும் கடிகார முள் போல அடியடியாக நகர்ந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை; பழகிப்போன கால்கள்.

“கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, நிழல்ல தெர்மாமீட்டர் வைக்கணும்” என்றார் சல்லடையார்.

கடைசியில் கூடையோடு நின்ற அம்மாள் திரும்பினாள். “உங்க தெர்மாமீட்டர் எந்த பஸ்ஸுக்குப் போகுது? வரிசையில வரச் சொல்லுங்க, ஐயா.”

வரிசை குலுங்கிச் சிரித்தது. முன்னாலிருந்து ஒரு தலை நீண்டது.

“அப்பா? இங்க என்ன பண்றீங்க?”

அவர் மகள். நிழல் கொஞ்சமாவது தடிமனாக இருந்த கம்பத்தடியை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் வயிறு அந்த நிழலுக்குள் அடங்கவில்லை. முகம் சிவந்து, ஒரு கையால் கம்பத்தைப் பிடிக்கப்போய், சுடுகிறதென்று எடுத்துக்கொண்டாள்.

“அளக்க வந்தேன்மா.”

“எதை?”

மகள் பேருந்தில் போகிறாள் என்பது அவருக்குத் தெரியும்தான். செய்தியாகத் தெரியும். தெர்மாமீட்டரைச் சட்டைப் பைக்குள் செருகினார்; தோளில் தொங்கிய பையிலிருந்து திரைச்சீலையை உருவினார். ஒரு முனையை மடிப்பக்காவிடம் நீட்டினார். அவளுக்குச் சொல்லவா வேண்டும்? பெரிய துணிகளை முனை பிடித்தே வளர்ந்த கை. உதறி விரித்து, இருவரும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். வரிசை முழுவதும் அந்தத் திரைக்கடியில் கலகலவென்று வந்து ஒண்டிக்கொண்டது.

“இப்ப நிழல் வந்துடுச்சுல்ல? அளங்க” என்றாள் மடிப்பக்கா.

“இது என் திரைச்சீலை நிழல். கணக்குல வருமா வராதா தெரியல.”

“முறையா அளக்கணும்னா முதல்ல கூரை போடணும், சம்பந்தி.”

அவர் தன் முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம பிடிங்க. உங்க பேரப்பிள்ளை உள்ள இருந்து உதைக்குது.”

பேருந்து அன்று தாமதமாகத்தான் வந்தது. இருவருக்கும் கை கடுத்துப்போயிற்று. ஒருவர்கூட முதலில் இறக்கவில்லை.

மாலையில் குழுவில் சல்லடை எழுதினார்: ‘படம் கிராஃபிக்ஸ் என்று நான் ஒட்டியது தவறு. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பிறகு நிறுத்தத்தில் முறைப்படி அளக்கப் போனேன். தெர்மாமீட்டர் வைக்க நிழல் கிடைக்கவில்லை. உலகம் சூடாவதைப் பற்றி மடிப்போடு இன்னும் சண்டை போடுவேன். கூரைக்கு என் கையெழுத்தைச் சேர்த்துக்கொள்ளவும்.’

பாட்டு டீச்சர் அந்த நிமிஷமே கையெழுத்துக் கட்டோடு அவர் கடைக்கு ஓடினார். சல்லடையார் போட்டதும், அதுவரை முறைத்துக்கொண்டிருந்த பாதி ஊரும் வந்து கையெழுத்துப் போட்டது. மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், “அந்தப் படமே தப்புன்னு சொல்லிட்டாங்களே?” என்று இழுத்தாராம். மடிப்பக்கா எழுந்து நின்று, “ஆமாங்க, சொன்னது நான்தான். அதனாலதான் மிச்சம் நான் சொல்றதையும் நம்பலாம்” என்றாளாம். அன்றே கூரைக்குத் தீர்மானம் போட்டார்களாம்.

கூரை வந்துவிட்டது, கண்ணுகளா. தெர்மாமீட்டரை இப்போது அதற்கடியில் மாட்டியிருக்கிறார்கள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சல்லடையார் பிற்பகலில் அங்கே வந்து உட்காருகிறார். மடிப்பக்கா கடையைச் சாத்தாமலே எதிரிலிருந்து வந்துவிடுகிறாள். போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறது என்று அவள் காட்டுகிறாள். இந்த ஒரு தெர்மாமீட்டரை வைத்து உலகத்தைச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்கிறார். அதைத்தான் நானே எழுதினேனே என்று அவள் மடக்குகிறாள். மஞ்சளும் நீலமும் அங்கே இன்னும் கிழிபடுகின்றன. குழந்தை மட்டும் நன்றாகத் தூங்குகிறது.

சரி, போனை நிமிர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பேச்சு ஓயாதிருக்கட்டும், பேசுகிற வாய்கள் ஒரே பானைத் தண்ணீரில் தாகம் தீர்த்துக்கொள்ளட்டும். வெளியே போன பிள்ளைகள் முகம் வாடாமல் திரும்பட்டும். உங்களோடு சண்டை போடுகிறவர்களும் உங்கள் கூரைக்கடியில் வந்து ஒதுங்கட்டும். அவர்களுக்கும் சேர்த்து நிழல் நீளட்டும்.