மங்களத்தின் கல்யாணக் கார்

எழுபத்தாறில், மலேசியாவில் செம்மோர் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மேனேஜரிடமும் ஒன்று இருந்தது. அதைக் கார் என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. என்னுடையது கறுப்பு மோரிஸ் மைனர். வயதில் எனக்குத் தம்பி, இருமலில் எனக்குத் தாத்தா.

தங்கச்சி மங்களத்துக்குக் கல்யாணம். ஈப்போ மண்டபத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக மெர்சிடிஸ் அனுப்புவதாக மாப்பிள்ளையின் மாமா சதாசிவம் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு எங்க கார்லதான் வரும்" என்றேன்.

"வரட்டும்லா. பாக்குற மாதிரி இருக்கணும். இல்லாட்டி நம்ம கார்ல ஏத்திக்குவோம்."

விடுவேனா? கல்யாணத்தன்று காலை வண்டியைத் திடல் நடுவில் நிறுத்தினேன். கருவாடோ வடகமோ தலையணையோ, தோட்டத்தில் எதுவும் வெயிலில் காய்ந்தால்தான் சரியாகும். காருக்கும் அதே கணக்குப் போட்டேன். கூரையிலிருந்து பம்பர் வரை ஒரே மூச்சில் பாலிஷைப் பூசி, நன்றாகக் காயட்டும் என்று தேத்தண்ணி குடிக்கப் போனேன். அன்றைய வெயிலில் ஓணான்கூடச் செருப்புத் தேடியது.

திரும்பி வந்தால் கறுப்புக் கார் வெள்ளைக் காராகியிருந்தது. அழுத்தித் தேய்த்தேன். துணிதான் கிழிந்தது.

மச்சான் சன்னாசி சுற்றிச் சுற்றி வந்தான். "கல்யாணத்துக்குப் போற காருக்கு ஏன் மச்சான் விபூதி பூசி வச்சிருக்க?"

"வாய மூடிக்கிட்டுத் தேய்டா!"

"இது தேய்ச்சா போவாதுலா. மம்பட்டி எடுத்தாரேன், கொத்திப்புடலாம்."

நலுங்கு மஞ்சள் முகத்தோடு மங்களமே ஓடிவந்தாள். "மெர்சிடிஸ்ல ஏத்தி அனுப்பத்தான் இந்த வேலை பாத்தியாண்ணே?" என்று பானெட்டில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "காயுற கல்லுல மாவ ஊத்திட்டு ஒட்டிக்கிச்சுன்னு அழுவுறியே! மொதல்ல சூட்டை ஆத்து."

திடலில் மரமில்லை. பந்தலுக்குள் தள்ளலாம் என்றால், வாசலில் கட்டிய வாழைமரத்தைத் தாலி ஏறும்முன் அவிழ்க்கக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றாள். எனவே பந்தலின் கித்தான் கூரையை அவிழ்த்துக் காரிடம் கொண்டுவந்தோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூங்கிலோடு தூக்கிப் பிடித்தார்கள். சூரியன் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். கார் நிழலில் நிற்க, கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள் வெயிலில் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஈரத்துணி போட்டதும் தகரம் ஆறியது. காய்ந்ததன் மேலேயே கையகலத்துக்குப் புதுப் பாலிஷைத் தடவி உடனே துடைத்தால், பழையதும் இளகி வந்தது. கையகலம் கையகலமாகத் தோட்டமே துடைத்தது.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு பளபளப்பு! பானெட்டில் தன்னைப் பார்த்த காக்கை, வேறு காக்கை என்று சண்டைக்கு வந்தது. பினாங்கு விமானமொன்று கண் கூசி வளைந்து போனதாகச் சன்னாசி சொல்கிறான். நான் பார்த்தது இரண்டு விமானம்.

மெர்சிடிஸும் வந்தது. இறங்கிய சதாசிவம் எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவருகே குனிந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்து, கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

"பொண்ணு இதுலயே வரட்டும்" என்றார். "நம்மது பின்னால வரும்லா."

பட்டுச்சேலை சரசரக்க மங்களம் ஏறினாள். செம்மண் ரோட்டில் எங்கள் புழுதியைத் தின்றுகொண்டு மெர்சிடிஸ் பின்னால் வந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். ஈப்போ வரைக்கும் நாலு பேர் பார்க்க வேண்டாமா?