ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு ‘வரேன்க்கா’

கண்ணாடிக் கடைக்காரியை அடித்துப் போட்டவன் கடைசியாகச் சொன்ன சொல், அவனோடு வெளியே போகாமல் கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. பட்டப்பகலில் வந்தான். லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளின் தலையை மேஜையில் மோதினான், கையை முறுக்கி உடைத்தான், கல்லாவைக் காலி செய்தான். வாசலில் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ விருந்தாளி மாதிரி, “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே பிடிபட்டான். அப்படி ஏனடா சொன்னாய் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, “சொன்னேனா? ஞாபகம் இல்ல சார். பழக்கதோஷம்” என்றானாம். அவனுக்குப் பழக்கதோஷம், இவளுக்குத் தூக்கம் போயிற்று.

உடைந்த கை கூடிவிட்டது. சொல் மட்டும் சீலிங் ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கதவு திறந்தால் அதே குரலில் “வரேன்க்கா” என்றது. ஃபேனைப் போட்டால் சுற்றிச் சுற்றிச் சொன்னது. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை என்று இறங்கினார். ஜெயிலில் கிடப்பவன் எப்படி வருவான் என்று எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா? விடைபெறும்போது யார் “வரேன்” என்றாலும் அவள் கையிலிருந்து லென்ஸ் நழுவியது. அவள் வாயிலும் அந்தச் சொல் வரவே இல்லை.

தெரு நல்ல தெரு. கூடிப் பேசி, அவளிடம் இனி யாரும் “வரேன்” சொல்லக் கூடாது, “போறேன்” என்றே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் “போறேன்” என்று சொல்லிப் போனவர்கள் போனவர்களாகவே ஆனார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்கு வரும் வழிதான் அவர்களுக்கு அற்றுப்போனது. செய்யக் கொடுத்த கண்ணாடியை வாங்கக் கிளம்பினால் கால் பேக்கரியில் கொண்டுபோய் விட்டது. இழுப்பறையில் கண்ணாடிகள் குவிந்தன. ஊரில் பாதிப்பேர் தடவித் தடவி நடந்தார்கள். வங்கிக் காசாளர் தூணிடம் சௌக்கியம் விசாரித்தார். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், பள்ளிக்கூட பஸ் டிரைவர் பிள்ளைகளோடு வண்டியைப் பழக்கடைக்குள் ஏற்றப் பார்த்த அன்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுடைய தங்கைதான் கடைக்கு ஓடி வந்து சொன்னாள். அவள் எப்போதும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போகிற பிறவி. அதனால் அவளால் வர முடிந்தது.

“அக்கா, நாளைக்கும் அவருதான் பஸ் எடுக்கறாராம். அவரு கண்ணாடிய குடுத்தாகணும்.”

“நீ கொண்டு போயேன்.”

“காதுல நிக்குதான்னு யாரு பாக்கறது, நானா? நீதான் வரணும்.”

அடிபட்ட நாளிலிருந்து தங்கை துணையோடு கடைக்கும் வீட்டுக்கும் போனதைத் தவிர அவள் எங்கும் இறங்கியதில்லை. அன்று இறங்கினாள். டிரைவர் வீட்டில் கண்ணாடியின் காம்பை வளைத்து, அவர் மூக்கில் பொருத்தி, சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னாள். படித்தார். அப்புறம் அவளைப் பார்த்து, “நெத்தித் தழும்பு நல்லா ஆறிடுச்சேம்மா” என்றார். கிளம்பி வாசல்வரை போனவளுக்கு அங்கே கால் நின்றுவிட்டது. “போறேன்” என்றால் இந்த வீட்டுக்கு வழி அற்றுவிடும். சொல்லாமல் போவதற்கு அவள் தங்கை இல்லை.

“வரேண்ணே” என்றாள்.

அவளுடைய குரலாகத்தான் இருந்தது. அதற்காகவே வாசல்படியில் நின்று அழுதாள். டிரைவர் பாவம், வேறென்ன சொல்வார், “வாம்மா, வா” என்றார்.

பிறகு வீடு வீடாகப் போய்க் கண்ணாடி மாட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் “வரேன், நீங்களும் கடைக்கு வாங்க” என்றாள். அவள் கூப்பிட்டதும் கடைக்கு வரும் வழி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பேக்கரிக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அந்தச் சொல் இன்னும் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பயம் முழுசாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் கை நடுங்கும், அன்றைக்கு லென்ஸைத் தொடாமல் ஃப்ரேம் துடைப்பாள். மற்ற நாட்களில் அது “வரேன்க்கா” என்றால், தலை நிமிராமலே “வேணாம்டா, அங்கயே கெட” என்கிறாள். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டு மேலே பார்க்கிறார்கள்.

“அத விடுங்க,” என்கிறாள், சுவரில் மாட்டிய கண் பரிசோதனை அட்டையைக் காட்டி. “கடைசி வரிய படிங்க.”