ஈறு செய்த வேலை

தினேஸ்வரி திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்ற சந்தேகம் முதலில் கிளினிக்கில் நர்ஸாக இருந்த மிஸ்ஸிக்குத்தான் வந்தது. அங்கிருந்து அது தினேஸ்வரியின் கணவன் சுகுமாரனுக்குத் தொற்றிக்கொண்டது.

அவள் பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. குனோங் ராபாட்டில் ஒரு கேக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள். காலையிலிருந்து மாலைவரை காயா ஜாம் பன்னுக்கும் பட்டர் கேக்குக்கும் நடுவிலேயே பிழைப்பு. அப்படிப்பட்டவள் இனிப்பை வாயில் வைப்பதில்லை என்றால் யார் நம்புவார்கள்? உண்மையில் அவள் தேத்தண்ணியில்கூடச் சீனி போடுவதில்லை. சர்க்கரை நோய் மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பதுக்கு மேலேயே நின்றது. மிஸ்ஸி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, உள்ளதைச் சொல்லச் சொன்னாள். கதவோரம் உட்கார்ந்திருந்த சுகுமாரன் அதை முழுதாகக் கேட்டுவிட்டான்.

சுகுமாரன் ஸ்கூல் வேன் ஓட்டுபவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம்வரை சும்மாதான் இருப்பான். அந்த நேரம் முழுவதும் இப்போது துப்பறிவதில் போனது. அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினான். வாஷிங் மெஷினுக்குள் தலையை நுழைத்தான். ஒருநாள் வேன் சீட்டுக்கு அடியில் சாக்லேட் காகிதம் ஒன்று கிடைத்துவிட, அன்று மாலையே அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விசாரணை நடத்தினான். வேனில் தினமும் ஏறுகிற பிள்ளைகளை அவள் நினைவூட்டிய பிறகுதான் அந்த வழக்கு தள்ளுபடியானது.

பிறகு கடைக்கே வந்துவிட்டான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்றவனை, கூட வேலை செய்யும் புனிதாதான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு அங்க ஒளிஞ்சி நிக்கிறாரு. சட்டைய மாத்த மறந்துட்டாரு லா. முதுகுல வேன் பேரு போட்டிருக்கு."

தினேஸ்வரிக்குக் கோபம்தான் வரவேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு ஒரு ரொட்டியை விற்று அனுப்பினாள்.

அந்தப் பொத்திக்கொண்ட கையைத்தான் சுகுமாரன் கவனித்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாகவே அவள் அப்படித்தான் சிரித்தாள். ஈறு சிவந்து வீங்கிக் கிடந்தது. பல் விளக்கினால் தொட்டியில் ரத்தம். வாயில் ஒரு நாற்றம் வேறு. எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை. இதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் பக்கத்தில் வரும்போது அரையடி தள்ளியே நின்று பழகிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படியில் நின்று காகிதப் பொட்டலத்திலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து சுகுமாரனின் குரல் கேட்டது. கடைசியில் பிடித்துவிட்ட பெருமை அந்தக் குரலில் அப்படியே வழிந்தது. கையைத் திறக்கச் சொன்னான். திறந்தாள்.

கிராம்பு.

சுகுமாரன் கிராம்பையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "இனிப்பு இனிப்புன்னு ஊட்டையே பொரட்டுனீங்கல்ல. இந்தா, நல்லா பாத்துக்குங்க" என்று வாயைத் திறந்து காட்டினாள். அவன் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தான்.

"இவ்வளோ நாளா ஏன் எங்கிட்ட சொல்லல, தினேசு?"

அந்தக் கேள்வியில் துப்பறிகிறவன் காணாமல் போயிருந்தான். அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள், கண் கூசுகிறதாம்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, அதே வேனில் அவளை ஈப்போவிலிருந்த பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ஷஹீரா சின்ன வயதுதான். நெற்றிவரை முக்காடு, முக்காட்டுக்குக் கீழே சிரிக்கிற கண்கள். மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு அளந்துகொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, இனிப்புநீர் இருக்கிறதா என்று கேட்டார். அது இறங்கவே மாட்டேன் என்கிறதா என்று அடுத்து கேட்டபோது தினேஸ்வரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகியிருக்கிறது. அதற்குள் கிருமி தங்கி, உடம்பு ஓயாமல் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அப்படி இருக்கும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பிறகு, தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். காய்கறியைக் கடிக்க முடியாததால் கஞ்சியும் தேத்தண்ணியில் நனைத்த வெள்ளை ரொட்டியும்தான் என்றாள் தினேஸ்வரி.

"அது போதுமேக்கா, சீனி ஏற. திருடித் தின்னணும்னே இல்ல."

தினேஸ்வரி கழுத்தில் கட்டிய துணியோடு கதவைக் காட்டினாள். "டாக்டர், அத இன்னொருவாட்டி சத்தமா சொல்லுங்க. அவரு வெளிய ஒக்காந்திருக்காரு."

ஷஹீராவும் கதவுப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னார். வெளியிலிருந்து ஓர் இருமல் மட்டும் கேட்டது.

வைத்தியம் ஒரே நாளில் முடிகிற காரியமாக இல்லை. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர்வரை படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ரொம்பவும் ஆடிய கடைவாய்ப் பல் ஒன்று போயே போனது. முதல் தடவை தினேஸ்வரி நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. இரண்டாவது தடவை பாதியில் தூங்கிவிட்டாள். பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷ்ஷைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதைக் கடையில் புனிதாவுக்கும், கேட்காமலேயே வாடிக்கையாளர்கள் சிலருக்கும் சொல்லிக்கொடுத்தாள். கேக் வாங்க வந்தவர்கள் பல்லைத் தடவிக்கொண்டே வெளியேறினார்கள்.

மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. கஞ்சி போய்ப் பயத்தங்காயும் வெள்ளரியும் தட்டுக்கு வந்தன. சில மாதம் கழித்துப் பழைய கிளினிக்கில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மிஸ்ஸி கணினியைப் பார்த்தாள், அட்டையில் பேரைச் சரிபார்த்தாள், திரும்பவும் கணினியைப் பார்த்தாள். அளவு எட்டுக்குக் கீழே வந்திருந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஈறும் சாப்பாடும் மருந்தும் சேர்ந்து செய்த வேலை இது, விட்டால் திரும்ப ஏறும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதற்கெல்லாம் தினேஸ்வரி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் மிஸ்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அரையடி தள்ளி நிற்கிற பழக்கம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

வேனில் ஏறியதும் சிரிப்பு தொடங்கியது. ரொட்டி அலமாரியை அவள் நினைவுபடுத்த, அவன் வாஷிங் மெஷினைச் சொன்னான். வாயை மறைக்காமல், தலையைப் பின்னால் சாய்த்து அவள் சிரித்ததை அவன் பார்த்துப் பார்த்து ஓட்டியதில், திரும்ப வேண்டிய முனையெல்லாம் தாண்டிவிட்டது. செமோர் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அடித்துப் பிடித்துத் திரும்பிப் போனபோது, பிள்ளைகள் எல்லாரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் சிரிப்பு வந்தது.

அடுத்ததாகச் சுகுமாரனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார் ஷஹீரா. தன் பல் கல்லு மாதிரி என்று அவன் பெருமையடித்தான். கல்தான் அண்ணே, நிறைய படிஞ்சிருக்கு என்று அவர் வேலையைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வரும்போது அவன் முகத்தில் பாதி மரத்துத் தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் காம்பாரிலிருந்து அவன் அக்கா கலாதேவி போன் செய்தாள். அவன் பேசியது கொழகொழவென்று போய்ச் சேர்ந்தது. பட்டப்பகலில் தம்பி குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள் அவள். தினேஸ்வரி போனை வாங்கினாள். விளக்கம் சொல்ல வாயெடுத்தால் சிரிப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இரண்டு பேருமே குடித்திருக்கிறார்கள் என்று கலாதேவிக்கு இப்போது உறுதியாகிவிட்டது.

மாலையிலேயே வந்து இறங்கினாள். தம்பி குடித்த தண்ணீர் உதட்டோரமாக வழிந்து சட்டையை நனைப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். தினேஸ்வரி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மிஸ்ஸியில் தொடங்கி நடந்ததெல்லாம் சொன்னாள். வாஷிங் மெஷின் வந்த இடத்தில் கலாதேவியே சிரித்துவிட்டாள். சிரித்த வாயைத் தினேஸ்வரி கூர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, பல்லு வெளக்குறப்ப ஒங்களுக்கு ரத்தம் வருதா?"

கலாதேவி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். சுகுமாரன் வேன் சாவியைத் தேடி எழுந்தான்.